தந்தியை மாற்றும் முன் பஞ்சைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், சக்கரத்தைச் சுற்றி வாசிக்கிற தந்தி வாத்தியமான ஹர்டி கர்டி பற்றி அரைப்பக்கம் போட்டிருந்தீர்கள். தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் இந்த வாத்தியத்தின் பெயரைப் பார்த்ததே எனக்குச் சந்தோஷம், அதனால் சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆனால் இரண்டு விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒன்று, படம். நீங்கள் போட்டிருப்பது கைப்பிடியைச் சுற்றினால் தானாகவே பாடும் தெரு ஆர்கன் பெட்டி. ஆங்கிலத்தில் அதையும் ஹர்டி கர்டி என்று சொல்லும் பழக்கம் இருப்பதால் வந்த குழப்பம் என்று புரிகிறது. அதற்குள்ளே துருத்தியும் குழல்களும் முள் அடித்த உருளையும்தான் இருக்கும், பேருக்கு ஒரு தந்திகூடக் கிடையாது. தந்தியே இல்லாத பெட்டியின் படத்துக்குக் கீழே, தந்தி தேர்ந்தெடுப்பது எப்படி என்று யோசனை சொல்லியிருக்கிறீர்கள். சரி, போகட்டும்.

இரண்டாவது விஷயம்தான் என்னை எழுத உட்கார வைத்தது. விலை கூடிய நல்ல தந்தியைப் போட்டால் எந்த ஹர்டி கர்டியும் இனிமையாகப் பாடும் என்று கடைசிப் பத்தியில் ஒரு வரி. புதுச்சேரியில் என் அக்கா மகன் இந்த வாத்தியத்தை ஒரு கிட்டாக வரவழைத்து, லேசரில் வெட்டிய ப்ளைவுட் துண்டுகளை மூன்று மாதம் உட்கார்ந்து ஒட்டி முடித்திருந்தான். சத்தம் சரியாக வரவில்லை. உங்கள் கட்டுரையைப் படித்த மறுநாளே கடைக்குப் போய், வயலினுக்குப் போடும் ஸ்டீல் கம்பி, அதுவும் வெளிநாட்டுச் சரக்கு, இரண்டு செட் வாங்கி மாட்டிவிட்டான். கடைக்காரரும் 'எல்லாம் தந்திதானே தம்பி' என்று சொல்லித்தான் கொடுத்தாராம். ராத்திரி வீடியோவில் கூப்பிட்டு, "மாமா, பூனை வாலை மிதிச்ச மாதிரி இருக்கு" என்றான். வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். பூனைக்கே மானக்கேடு.

நானும் புதுச்சேரிக்காரன்தான். பிழைப்புக்காக பிரான்சின் நடுவே கிளெர்மோன்-ஃபெரானுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இந்தப் பக்கத்து ஓவெர்ஞ், புர்போனே கிராமங்களில் திருவிழா என்றால் புர்ரே ஆட்டம் இருக்கும். ஓவெர்ஞ்சில் அது மூன்று தட்டு, வடக்கே புர்போனே, பெர்ரி பக்கம் போனால் இரண்டு தட்டு. அந்த ஆட்டத்துக்கு வாசிப்பது தோல்பைக் குழலும் இந்தச் சக்கர வாத்தியமும். இங்கே அதற்குப் பெயர் வியெல் ஆ ரூ, சக்கரம் வைத்த வியெல். முதல்முறை கேட்டபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: யாரோ நாதஸ்வரக் கோஷ்டியில் ஒரே சுருதியை விடாமல் பிடிக்கிற ஒத்தையும், தாளத்தையும் ஒரே பெட்டிக்குள் அடைத்துவிட்டார்கள். அந்த வருடமே பழைய வாத்தியம் ஒன்றை வாங்கிவிட்டேன். மனைவி இன்னும் மன்னிக்கவில்லை.

வாத்தியம் எப்படி வேலை செய்கிறது என்று உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை, அது தெரியாமல் தந்தியைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை, அதனால் நானே சொல்லிவிடுகிறேன். வயலின் வில்லை முடிவே இல்லாமல் இழுத்துக்கொண்டிருக்க முடிந்தால் எப்படி இருக்கும்? அந்த வேலையை இதில் ஒரு மரச்சக்கரம் செய்கிறது. சக்கரத்தின் விளிம்பில் வயலின் வில்லுக்குப் போடுகிற அதே ரோசின், மரப்பிசின். வலது கை கைப்பிடியைச் சுற்ற, மேலே தொட்டுக்கொண்டு போகும் தந்திகள் எல்லாம் ஒன்றாக ஒலிக்கும். இடது கை கட்டைகளை அழுத்தும். ஒவ்வொரு கட்டையிலும் ஒரு சின்ன மரநாக்கு நின்றுகொண்டிருக்கும், அது போய்ப் பாட்டுத் தந்தியை முட்டினால் சுரம் மாறும், விரலை எடுத்தால் கட்டை தன் எடையாலேயே பழைய இடத்துக்கு விழுந்துவிடும். பாட்டுத் தந்தி வழக்கமாக இரண்டு, இரண்டும் ஒரே சுருதி. மற்றதெல்லாம் ஒத்து. பெரிய புர்தோன், சின்ன புர்தோன், மூஷ், த்ரோம்பெத் என்று அவற்றுக்குப் பெயர். மூஷ் என்றால் ஈ. த்ரோம்பெத் தந்தியை அடியில் தாங்கி உட்கார்ந்திருக்கிற தனிக் குதிரைக்குப் பெயர் ஷியென், அதாவது நாய். வீணையில் நாம் குதிரை என்று சொல்வதை பிரெஞ்சுக்காரர்களும் ஷவலே, குட்டிக் குதிரை என்றுதான் சொல்கிறார்கள். ஆக இந்த ஒரு பெட்டிக்குள் குதிரை, நாய், ஈ மூன்றும் குடியிருக்கின்றன. ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வைப்பதுதான் நம் வேலை.

இப்போது பஞ்சுக்கு வருகிறேன். சக்கரம் தொடுகிற இடத்தில் ஒவ்வொரு தந்தியிலும் பஞ்சு சுற்றியிருக்க வேண்டும். உங்கள் கட்டுரையில் பஞ்சு என்ற சொல்லே இல்லை! வெறும் தந்தியை ரோசின் போட்ட மரத்தில் உரசினால் கீச்சென்று கத்தும், தந்தியும் தேயும், சக்கரத்திலும் பள்ளம் விழும். நடுவில் இருக்கிற அந்த மெல்லிய பஞ்சுப் படுக்கைதான் ரோசினைப் பிடித்து வைத்துக்கொண்டு குரலை உருட்டிக் கொடுக்கிறது. தம்புராவில் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஜீவா நூலை நகர்த்திப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். ஒரு நூல் அரை மில்லிமீட்டர் தள்ளிப் போனால் தம்புரா ஊமையாகிவிடுகிறது அல்லவா, இங்கே பஞ்சும் அப்படித்தான். குறைந்தால் குரல் கூர்மையாகி, தகரத்தைச் சுரண்டுவது போல் ஆகும். கூடினால் சளி கட்டிய தொண்டை, அதிலும் மேல் ஸ்தாயிக் கட்டைகளை அழுத்தினால் சுரமே எழும்பாது, வெறும் புஸ்ஸென்ற காற்றுதான். பாட்டுத் தந்திக்குக் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற அளவு போதும். பெரிய புர்தோனுக்குத் தாராளமாகச் சுற்றலாம்.

சுற்றுவதற்கும் ஒரு பக்குவம் உண்டு. கொஞ்சூண்டு பஞ்சைப் பிய்த்து, இழைகள் ஒரே திசையில் நீளமாக வரும்படி இழுத்து, தந்தியின் மேல் வைத்து விரலால் உருட்டிச் சுற்ற வேண்டும். சக்கரம் ஓடும்போது இறுகுகிற திசையில் சுற்ற வேண்டும், எதிர்த் திசையில் சுற்றினால் ஐந்து நிமிடத்தில் அவிழ்ந்து பறக்கும். சுற்றியவுடன் கேட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது, கொஞ்ச நேரம் வாசித்தால்தான் அது ரோசின் குடித்துப் படியும். நம் பையன் முதலில் என்ன செய்தான் தெரியுமா, பாட்டி காலத்துத் தலையணையைப் பிரித்து இலவம்பஞ்சை எடுத்துச் சுற்றியிருக்கிறான். இலவம்பஞ்சு வழவழவென்று இருக்கும், இழையோடு இழை பிடிக்கவே பிடிக்காது, அதனால்தான் அதை யாரும் நூலாக நூற்பதில்லை, தலையணைக்குள் திணிப்பதோடு சரி. அப்புறம் மருந்துக்கடைப் பஞ்சு. அது பருத்திதான், ஆனால் இழை குட்டை, பிசிறு பிசிறாக உதிர்ந்தது. கடைசியில் கோவையில் நூற்பாலை ஒன்றில் வேலை பார்க்கும் அவன் நண்பன் கோம்பிங் முடிந்த ஸ்லைவர் ஒரு முழம் கொண்டுவந்து கொடுத்தான். நீள இழை, சீவிச் சுத்தமானது, எல்லாம் ஒரே திசையில். இங்கே நாங்கள் தேடித் தேடி வாங்குகிற பஞ்சைவிட நன்றாக இருந்தது என்றால் நம்புவீர்களா, எனக்கும் கொஞ்சம் பார்சல் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

நான் இதைக் கற்றுக்கொண்டதும் அவமானப்பட்டுத்தான். வாங்கிய முதல் வருடம் என் வாத்தியத்தின் குரல் பிடிக்கவில்லை. மூன்று விதமான தந்தி வாங்கி மாற்றி மாற்றிப் போட்டேன், ஒவ்வொன்றும் ஒரு வாரம் நன்றாக இருப்பது போல் இருக்கும், பிறகு பழைய குருடி கதவைத் திறடி. கன்னா ஊருக்குப் பக்கத்தில் வயதான வாத்தியம் செய்பவர் ஒருவரிடம் நாலாவது செட் கேட்டுப் போனேன். அவர் தந்தி விற்க மறுத்துவிட்டார். வாத்தியத்தை வாங்கி மடியில் வைத்து, எல்லாத் தந்தியையும் சக்கரத்தைத் தொடாமல் ஓரமாகத் தூக்கி மாட்டி, நான் சுற்றி வைத்திருந்த பஞ்சையெல்லாம் சுரண்டி எறிந்தார். சக்கரத்தைத் துடைத்தார். நான் அப்பிய ரோசின் பாளம் பாளமாக வந்தது. விளிம்பை நான் எப்போதோ விரலால் தொட்டுப் பார்த்திருக்கிறேன், தோலில் இருக்கிற எண்ணெய் பட்ட இடத்தில் சக்கரம் தந்தியைப் பிடிக்காமல் வழுக்கும், ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் குரல் தடுக்கும். அந்தத் தடுக்கலைத் தந்தியின் குற்றம் என்று நினைத்துத்தான் நான் காசைக் கொட்டிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரே ஒரு பாட்டுத் தந்தியை மட்டும் சக்கரத்தில் விட்டு, பஞ்சு சுற்றி, காதைச் சாய்த்துக் கேட்டார். சட்டைப் பையிலிருந்து சிகரெட் சுருட்டுகிற மெல்லிய தாளை எடுத்து, நகத்தளவு கிழித்து, குதிரையின் பள்ளத்தில் தந்திக்கு அடியில் வைத்தார். அவ்வளவுதான். குரல் திறந்துகொண்டது. ஒரு தாளின் கனம்!

அந்தத் தாள் என்ன செய்தது என்றால், தந்தியைச் சக்கரத்திலிருந்து மயிரிழை உயர்த்தி அழுத்தத்தைக் குறைத்தது. அழுத்தம் கூடினால் கரகரக்கும், மெதுவாகச் சுற்றும்போது அடைத்துக்கொள்ளும். குறைந்தால் சுரம் நிலைக்காமல் விசில் போல மேலே தாவும். வயலின்காரர் வில்லை மணிக்கட்டால் அழுத்தியும் தளர்த்தியும் செய்துகொள்கிற காரியத்தை இந்த வாத்தியத்தில் முன்கூட்டியே தாள் வைத்துத் தீர்மானித்துவிட வேண்டியிருக்கிறது. வாசிக்கும்போது மாற்ற முடியாது. அதனால் கீழ்க்கட்டை, நடுக்கட்டை, உச்சிக்கட்டை மூன்றையும் அழுத்தி, மெதுவாகவும் வேகமாகவும் சுற்றி, நாலு வேளை பார்த்த பிறகுதான் தாளைக் கூட்டுவதா எடுப்பதா என்று முடிவு செய்ய வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் புல்லாங்குழல் கற்றுக்கொள்ளலாம். (புல்லாங்குழல்காரர்கள் கோபிக்க வேண்டாம்.)

சரி, சக்கரம் சுத்தம், பஞ்சு சரி, அழுத்தம் சரி. இதற்கெல்லாம் பிறகுதான் தந்தியைப் பற்றிய பேச்சே. அங்கேயும் விலை முக்கியமில்லை, கணக்குத்தான் முக்கியம். பிரெஞ்சு அளவு வாத்தியத்தில் பாட்டுத் தந்தியின் நீளம் சுமார் 34, 35 சென்டிமீட்டர். சுருதி 392 ஹெர்ட்ஸ், நம் பாட்டுக்காரர்களின் சுருதிக் கணக்கில் 5 கட்டை. பழைய வழக்கம் ஆட்டுக் குடல் நரம்பு. நம்மவர்கள் யாழுக்குத் தந்தி என்று சொல்லாமல் நரம்பு என்றே சொன்னார்கள் என்பதை இந்த நரம்பைக் கையில் பிடிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். 0.8 மில்லிமீட்டர் குடல் நரம்பை அந்தச் சுருதிக்கு ஏற்றினால் இழுவிசை ஏறக்குறைய 5 கிலோ வருகிறது. 0.7 போட்டால் அது 4 கிலோவுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத 0.1 மில்லிமீட்டரில் ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம்! மெல்லியது பளிச்சென்று சீக்கிரம் பேசும், ஆனால் கட்டையைக் கொஞ்சம் அழுத்தினாலும் சுருதி ஏறிவிடும். தடித்தது கனமாக, நிதானமாகப் பாடும், ஆனால் மேல் பலகைக்குச் சுமை. மூன்று மில்லிமீட்டர் ப்ளைவுட்டில் செய்த கிட்டுக்கும் நூறு வருடத்துப் பழைய பெட்டிக்கும் ஒரே தந்தியைப் போடலாம் என்று சொல்வது, கன்றுக்குட்டிக்கும் காளைக்கும் ஒரே நுகத்தடி போடுவது மாதிரி.

பொருள் மாறினால் தடிமனும் மாறும். நைலான் குடலைவிட லேசு, அதனால் அதே சுருதிக்கும் அதே இழுவிசைக்கும் கொஞ்சம் தடிமனாகப் போட வேண்டும், குரலும் கொஞ்சம் மந்தம். கிட்டாரிலும் ஹார்ப்பிலும் கார்பன் என்று சொல்கிற தந்தி குடலைவிடக் கனம், 0.8 இடத்தில் 0.7க்கும் குறைவாகவே போதும், பளபளவென்று கேட்கும், சில வாத்தியத்தில் அது அழகு, சிலதில் காது கூசும். என் பெட்டி இயல்பிலேயே கூர்மையான குரல், அதற்குக் கார்பன் போட்டால் யாரும் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். மந்தமான பெட்டிக்கு அதே தந்தி மருந்து. ஸ்டீல் கம்பி விஷயத்துக்கு வருகிறேன். மின்சார ஒலிவாங்கி பொருத்திய நவீன வாத்தியங்களில் உலோகத் தந்தி போடுபவர்கள் இருக்கிறார்கள், பிரெஞ்சுக் கலைஞர் வலந்தேன் க்லாஸ்த்ரியே போன்றவர்கள் இந்த வாத்தியத்தையே வேறு உலகத்துக்குக் கொண்டுபோனவர்கள், அவர்களைப் பற்றி நான் பேசவில்லை. ஒரு சாதாரண கிட்டில் மெல்லிய வெறும் ஸ்டீல் கம்பி போட்டால், வழவழப்பான கம்பியில் பஞ்சு பிடிக்காமல் உருண்டு ஓடும். கம்பி நீளுவதே இல்லை என்பதால் மரநாக்கு முட்டும்போதெல்லாம் சுருதி தாறுமாறாக ஏறும். பையன் வீட்டுப் பூனை அதுதான்.

ஒத்துத் தந்திக்குக் கணக்கு இன்னும் சுவாரசியம். பெரிய புர்தோன் பாட்டுத் தந்திக்கு இரண்டு ஸ்தாயி கீழே. நீளமும் இழுவிசையும் அதே என்றால், ஒரு ஸ்தாயி இறங்க நரம்பு இரண்டு மடங்கு தடிக்க வேண்டும், இரண்டு ஸ்தாயிக்கு நாலு மடங்கு. 0.8 நாலு மடங்கு 3.2 மில்லிமீட்டர். அது நரம்பா, கிணற்றுக் கயிறா? அதனால்தான் நரம்பின் மேல் செம்பு அல்லது வெள்ளிக் கம்பி சுற்றிய தந்தி தேவைப்படுகிறது, தடிமன் ஏறாமல் கனம் மட்டும் ஏறும். செல்லோத் தந்தியை வாங்கி மாட்டுபவர்கள் இங்கே நிறைய. மாட்டலாம், ஆனால் செல்லோவில் தந்தி ஏறக்குறைய 69 சென்டிமீட்டர், இங்கே அதில் பாதி. பாதி நீளத்தில் அதே சுருதிக்கு வைத்தால் இழுவிசை கால் பங்காகிவிடும். ஒத்துக்கு அந்தத் தளர்ச்சி சில பெட்டிகளில் பரவாயில்லை, சிலவற்றில் கொழகொழவென்று அலையும். போட்டுப் பார்த்துத்தான் தெரியும், ஆனால் எதற்காக மாற்றுகிறோம் என்று தெரிந்து போட்டுப் பார்க்க வேண்டும்.

நாயை மறந்துவிடக் கூடாது, புர்ரே ஆடுகிறவர்களுக்கு நாய்தான் உயிர். த்ரோம்பெத் தந்தி உட்கார்ந்திருக்கிற அந்தக் குட்டிக் குதிரையின் ஒரு கால் மட்டும் நிலையாக இருக்கும், இன்னொரு கால் பலகையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். கைப்பிடியை ஒரே சீராகச் சுற்றினால் சும்மா இருக்கும், மணிக்கட்டால் ஒரு வெட்டு வெட்டினால் அந்தக் கால் துள்ளிப் பலகையில் அடித்து 'ஸ்ர்ர்' என்று குரைக்கும். சுற்றுக்கு இரண்டு வெட்டு, மூன்று வெட்டு, நாலு வெட்டு என்று தாளம் போடுவார்கள், நம் தாளத்தில் வரும் நடை மாதிரியே. இந்தத் தந்தி அளவுக்கு மீறித் தடித்தால் நாயைக் கழுத்தைப் பிடித்து அமுக்கிவிடும், எவ்வளவு வெட்டினாலும் வாய் திறக்காது. மெலிந்தால் ராத்திரி முழுவதும் குரைக்கிற தெருநாய். திரான் என்று ஒரு சின்ன முளை இருக்கிறது, அதில் கட்டிய நூல் த்ரோம்பெத் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கும், அதைத் திருகித்தான் எப்போது குரைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது. தந்தி தப்பாக இருந்தால் திரானை எவ்வளவு திருகினாலும் பலனில்லை. ஆனால் பெரும்பாலும் தந்தியில் தப்பு இருக்காது, நாயின் காலடி பலகையில் சமமாகப் படிந்திருக்காது. அக்கா மகனுக்கும் அதே. அவன் நாலாயிரத்துக்கு இன்னொரு தந்தி பார்த்து வைத்திருந்தான். உப்புத்தாளில் நாலு இழுப்பு இழுக்கச் சொன்னேன், குரைத்துவிட்டது.

அப்புறம் சுருதி. பிரெஞ்சு வழக்கத்தில் பெரும்பாலும் 1 கட்டைச் சுருதியில் ஒத்து வைப்பார்கள், அப்போது பாட்டுத் தந்தி திறந்த நிலையில் பஞ்சமம். 5 கட்டைக்கு மாறினால் சின்ன புர்தோனைத் தூக்கிவிட்டு பெரிய புர்தோனை விடுவார்கள், த்ரோம்பெத்தை ஒரு சின்ன ஆணியில் மாட்டி நீளத்தைக் குறைத்து 1 கட்டையிலிருந்து 2 கட்டைக்கு ஏற்றுவார்கள், அது 5 கட்டைக்குப் பஞ்சமம். இங்கே நம் காது பெரிய சொத்து. செல்போனில் ஒரு ட்யூனரை வைத்துக்கொண்டு மரநாக்குகளைத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு சுரத்தையும் பச்சை விளக்கு எரிய வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லாம் பச்சை, ஆனால் ஒத்தோடு சேர்த்துக் கேட்டால் காந்தாரம் குத்தும். செண்ட் என்பது பியானோவின் அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு. பியானோக் கணக்கில் அந்தர காந்தாரம் 400 செண்ட், ஒத்தோடு கரைகிற காந்தாரம் 386. அந்த 14 செண்டைத் தம்புராவோடு பாடிப் பழகிய யாரும் விட மாட்டார்கள். ட்யூனரை சட்ஜமத்துக்கும் பஞ்சமத்துக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை ஒத்தைக் கேட்டு மரநாக்கைத் திருப்புங்கள். தந்தியின் தடிமனை மாற்றினால் இந்த வேலை முழுவதையும் மறுபடி செய்ய வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு தடிமனும் முட்டும்போது வேறு அளவு சுருதி ஏறும். தந்தியை அடிக்கடி மாற்றக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு பாட்டுத் தந்தியையும் ஒரே நாளில் சேர்க்கப் பார்க்காமல், ஒன்றை ஓரமாகத் தூக்கி மாட்டிவிட்டு ஒன்றிலேயே சில மாதம் வாசிப்பது நல்லது.

பெட்டி முதலில், தந்தி பிறகு என்பது நானாகக் கண்டுபிடித்ததும் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் இது பிச்சைக்காரர்களின் வாத்தியம். அடுத்த நூற்றாண்டில் பிரபுக்களுக்குக் கிராமத்து மேய்ப்பர் வேஷம் போடும் ஆசை வந்ததும் இது அரண்மனைக்குள் போனது, 15ஆம் லூயியின் ராணி மரி லெஷின்ஸ்காவே வாசித்தார். வெர்சாயில் ஆன்ரி பாத்தோன் என்ற வாத்தியம் செய்பவர் 1716 வாக்கில் பழைய கிட்டார்களைப் பிரித்து அந்த உடம்பில் சக்கரத்தைப் பொருத்தினார், 1720ல் லூட், தியோர்போ என்ற பழைய தந்தி வாத்தியங்களின் உடம்புகளில். ஒன்று தட்டை அடி, இன்னொன்று பூசணிக்காயைப் பிளந்த மாதிரி உருண்டை அடி. இரண்டு வகையும் இன்றைக்கு வரை இருக்கின்றன, இரண்டின் குரலும் வேறு, ஒரே தந்தி இரண்டிலும் ஒரே மாதிரி பாடாது. அல்லியே மாவட்டத்தில் ஜான்ஸா என்று ஒரு சின்ன ஊர், 19ஆம் நூற்றாண்டில் பஜோ குடும்பத்தார் அங்கே தலைமுறை தலைமுறையாக இதைச் செய்தார்கள், அந்தப் பட்டறை இப்போது அருங்காட்சியகம். பட்டறையைச் சுற்றிப் பார்த்தால் தந்திக்கு ஒரு மூலைதான், மிச்சமெல்லாம் மரம்.

ஊரில் இந்த வாத்தியத்தை வைத்திருப்பவர்கள் எத்தனை பேரோ, அவர்களுக்காக ஒன்று. குடல் நரம்பு ஈரத்தைக் குடிக்கும், புதுச்சேரிக் கடற்காற்றில் காலையில் வைத்த சுருதி மத்தியானம் இருக்காது. மரச்சக்கரமும் ஈரத்தில் ஊதி வட்டம் கெடும், வட்டம் கெட்டால் ஒவ்வொரு சுற்றிலும் குரல் மேலும் கீழும் தள்ளாடும், அதற்கு உலகத்தில் எந்தத் தந்தியாலும் வைத்தியம் இல்லை. அக்கா மகனுக்குப் பாட்டுத் தந்தி நைலானும், ஒத்துக்குக் கம்பி சுற்றிய நைலானும் போடச் சொல்லியிருக்கிறேன், மொத்தச் செலவு அந்த ஸ்டீல் செட்டில் கால்வாசிகூட இல்லை. பெட்டியை மூடி வைத்து, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலு. நேற்று வாசித்துக் காட்டினான். உச்சிக்கட்டை இரண்டு இன்னும் புஸ் என்கிறது, பஞ்சு கொஞ்சம் கூட. பாட்டியம்மா பக்கத்து அறையிலிருந்து "யாருடா ஒத்து ஊதுறது?" என்று கேட்டது எனக்கு இங்கே வரை கேட்டது.

திருத்தம் போடுவதாக இருந்தால், படத்துக்கு ஒரு யோசனை. நாந்த் நகர அருங்காட்சியகத்தில் ஜோர்ஜ் த லா தூர் வரைந்த சக்கர வாத்தியக்காரர் ஓவியம் இருக்கிறது, கண் தெரியாத கிழவர் வாயைத் திறந்து பாடிக்கொண்டே சுற்றுகிறார், வாத்தியத்தின் அருகே நிஜ ஈ ஒன்று உட்கார்ந்திருப்பது போலவே வரைந்திருக்கிறார். அதைப் போடுங்கள். அந்த ஆர்கன் பெட்டி மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
புதுச்சேரி வாசகர் ஒருவர்,
கிளெர்மோன்-ஃபெரான், பிரான்ஸ்.